கல்லும் அது கிடக்கும் இடமும்

(ஏற்காட்டில் மாணவர்கள், ஆசிரியர்கள், மலை ஊர்ப் பெரியவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், தூரத்து மலை ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் சொந்தங்களுக்கும், மாணவக் கண்மணிகளுக்கும் வணக்கம்.

தொல்லியல் என்றதும் இன்று எல்லாருடைய வாயிலும் வருவது கீழடி. அடுத்து ஆதிச்சநல்லூர், சிவகளை. வைகையும் பொருநையும் நமக்குக் கொடுத்திருக்கும் பெருமை அது. அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சேலத்துக்காரர்கள் அந்தச் செய்திகளை வேறு யாரோ வீட்டு விசேஷம் போலப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பட்டியலில் நம் மாவட்டத்தின் பெயரும் இருக்கிறது.

2025 சனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு இரும்பின் தொன்மை பற்றிய ஓர் அறிக்கையை வெளியிட்டது. பேராசிரியர் கா. ராஜனும் தொல்லியல் துறையின் இரா. சிவானந்தமும் எழுதியது. சிவகளையில் இரும்போடு சேர்ந்து கிடைத்த மாதிரிகள் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகின்றன என்பதுதான் அதில் தலைப்புச் செய்தியானது. அதே அறிக்கையில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்கு கி.மு. 2172 என்ற காலம் இருக்கிறது. மேட்டூர் பக்கத்து மாங்காடும் இருக்கிறது. மாங்காட்டு இரும்பின் காலம் கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடைப்பட்டது. அதாவது 3,400 ஆண்டுகளுக்கு மேல். மேட்டூர் பக்கம் தெலுங்கனூரில் கிடைத்த வாளை ஆராய்ந்தபோது, கரிமம் மிகுந்த உயர்தர எஃகு அது என்று தெரிந்தது. மேட்டூர் அணையைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு ஊர்களும் தெரியும்?

சரி, ஓர் இரும்புத் துண்டின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்? மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும், நான் கடைசியில் கேட்கப்போகும் விஷயம் இதில்தான் நிற்கிறது. தாதுக்கல்லிலிருந்து இரும்பைப் பிரிக்க மரக்கரி வேண்டும். கரி எரியும்போது அந்த மரத்தில் இருந்த கரிமத்தில் கொஞ்சம் இரும்புக்குள் போய்விடுகிறது. மரம் உயிரோடு இருந்தவரை காற்றிலிருந்து கரிமம் 14 என்ற அணுவை வாங்கிக்கொண்டே இருந்தது. வெட்டியதும் அந்த வரவு நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது மட்டும் குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மீதி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினால் மரம் எப்போது வெட்டப்பட்டது என்று தெரியும். முடுக்கி நிறை அலைமாலை அளவி என்ற கருவி அணுக்களை நேரடியாக எண்ணுவதால் மில்லிகிராம் அளவு மாதிரியே போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கரிக்குப் பயன்பட்ட மரம் முந்நூறு வருஷத்து மரமாக, அதன் நடுவைரமாக இருந்திருக்கலாம். நடுவைரத்துக்கு அந்த வரவு மரத்தை வெட்டுவதற்கு வெகு முன்பே நின்றுபோயிருக்கும். அப்படியானால் இரும்பின் வயது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பானையோடு உள்ளே விழுந்த கரித்துண்டு பிற்காலத்து எலி வளை வழியாக வந்ததாகவும் இருக்கலாம். அதனால்தான் பழைய காலம் ஒன்று அறிவிக்கப்பட்டதும், இன்னும் பல இடங்களில் சரிபார்க்க வேண்டும் என்று அறிஞர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. அதைக் கேட்பவரைத் தமிழுக்கு எதிரி என்று பேசுவது சரியல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் கலையாத மண்ணில்தான் இருக்கிறது. எந்த அடுக்கில், எந்தப் பானைக்குப் பக்கத்தில், எந்தத் தானியத்தோடு சேர்ந்து அந்தப் பொருள் கிடந்தது என்பது தெரிந்தால்தான் காலத்தை உறுதியாகச் சொல்ல முடியும். அந்த இடத்திலிருந்து பிடுங்கப்பட்ட வாள் அழகாக இருக்கும். ஆனால் அதன் சாட்சியத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இதை நமக்கு வெகு காலத்துக்கு முன்பே செய்து காட்டியவர் இந்த ஏற்காட்டில் குடியிருந்தார். இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே 30, பல்லாவரத்தில் செம்பூராங்கல் சரளைக் குழி ஒன்றில் மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. அதே வருஷம் வில்லியம் கிங்குடன் அதிராம்பாக்கம் போனார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற பேச்சே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே அதிராம்பாக்கத்தைத்தான் பிற்காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் மறுபடி தோண்டினார்கள். 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி அங்குள்ள கைக்கோடாரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை. 2018-இல் வந்த அடுத்த ஆய்வு, அங்கேயே மேலடுக்கில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறிவிட்டதைக் காட்டியது. ஃபூட் எந்த இடம் என்று எழுதி வைத்ததால்தான் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு இன்னொருவர் அங்கே போக முடிந்தது.

ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர். ஓய்வுக்குப் பிறகு ஃபூட்டும் இந்த மலையிலேயே தங்கிவிட்டார். அவருடைய நினைவிடம் இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. லேடீஸ் சீட்டுக்கும் படகுத் துறைக்கும் வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் அங்கே எட்டிப் பார்த்தாலே நான் சந்தோஷப்படுவேன். அவர் சேகரித்த தொல்பொருள்களை 1904-இல் சென்னை அரசு வாங்கி அருங்காட்சியகத்தில் வைத்தது. 1912-இல் அவர் காலமானார். அவருடைய பட்டியல் 1914-இலும் 1916-இலும் அச்சாகி வந்தது. அந்தப் பட்டியலைப் புரட்டினால் சேர்வராயன் மலைக் கற்கோடாரிகள் வரும். ஒவ்வொரு கல்லுக்கும் எண், எந்த ஊர், எந்த மாவட்டம் என்ற குறிப்பு. எனக்கு அந்தக் கற்களைவிட அந்தக் குறிப்புகள் பெரிய செல்வமாகத் தெரிகின்றன.

இனி மலை ஊர்களிலிருந்து வந்திருப்பவர்களிடம் பேசுகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்று உங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தபோது இங்கே ஏற்கெனவே வழவழவென்று தேய்த்த கற்கோடாரிகள் மண்ணில் கிடந்தன. உழும்போது கிடைத்த அந்தக் கற்களைத் தூக்கி எறியவில்லை. மரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னால், அம்மன் கோயில் மேடையில் கொண்டுபோய் அடுக்கி வைத்தார்கள். கொல்லிமலையில் இன்றும் அப்படிப் பார்க்கலாம். புதிய கற்காலத்து உழவன் காடு திருத்தவும் மரம் பிளக்கவும் செய்த கருவி, சில ஆயிரம் ஆண்டு கழித்துச் சாமி முன்னால் மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது. அருங்காட்சியகங்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே அவற்றைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள். எந்தக் காட்டில், யார் உழும்போது கிடைத்தது என்று உங்கள் தாத்தாக்களுக்குத் தெரிந்திருக்கலாம். தயவுசெய்து இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம் கற்திட்டைகள். சேர்வராயன், கல்வராயன், சவ்வாது என்று நம்மைச் சுற்றியுள்ள மலைத்தொடர்களிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்து மல்லசந்திரத்திலும் கல்லால் வீடு கட்டியது போல நிற்கும் சின்னங்கள் இவை. பாண்டவர் வீடு, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்று ஊருக்கு ஒரு பெயர். வாசல் சிறியதாக இருப்பதால் குள்ளர்கள் குடியிருந்தார்கள் என்று கதை வந்துவிட்டது. உண்மையில் இவை இறந்தவர்களுக்காக எழுப்பியவை. மண்ணுக்கு மேலே தெரிந்தால் கற்திட்டை, உள்ளே புதைந்திருந்தால் கற்பதுக்கை, சுற்றிலும் உருண்டைக் கற்கள் வட்டமாக நின்றால் கல்வட்டம், ஒற்றைக் கல்லாக உயர்ந்து நின்றால் நெடுகல். இறந்தவரை அனுப்பும் வழிகள் பல இருந்ததை மணிமேகலை இரண்டே அடியில் சொல்லிவிடுகிறது:

சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர்
தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்

இந்த ஐந்தில் தாழிதான் நமக்கு அதிகம் பழக்கம். ஆனால் மலைப்பக்கத்து மக்கள் பாறையோடு வாழ்ந்தவர்கள். இங்கே பாறை பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். வெயிலும் குளிரும் மாறி மாறி அடிக்க, மேல்தோல் தானாகவே விட்டுக்கொடுக்கும். அதற்கு நெருப்பு மூட்டிச் சூடேற்றி, ஆப்பு அடித்துப் பிளந்தால் பெரிய பலகை கிடைத்துவிடும். இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு மூடுகல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் இரண்டு டன்னுக்கு மேல் வரும். கிரேன் இல்லை, ரோடு இல்லை. உருளை மரமும், கயிறும், நெம்புகோலும், ஊரே திரண்டு வந்த தோள்களும்தான்.

பதுக்கை கட்டிய விதத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை. நான்கு பக்கப் பலகைகளையும் மூலைக்கு மூலை ஒட்டி நிறுத்தவில்லை. ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீள்கிறது. மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம். சுற்றியுள்ள மண் உள்ளே தள்ளத் தள்ள, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு இன்னும் இறுகும். ஒரு பக்கப் பலகையில், பல இடங்களில் கிழக்குப் பக்கம், வட்டமாக ஓர் இடுதுளை இருக்கும். உள்ளே பல சமயம் முழு உடல் இருப்பதில்லை. வேறிடத்தில் வைத்திருந்து பிறகு சேகரித்த எலும்புகள், கருப்பு சிவப்புப் பானைகள், இரும்பு ஆயுதங்கள், சில மணிகள்.

இரும்பு ஆயுதம் என்றதும் நாம் கஞ்சமலையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கே காந்த இரும்புத் தாது பட்டை பட்டையாக ஓடுகிறது. மழைக்குப் பிறகு ஓடைகளில் அரித்து வரும் கருமணலே தாதுதான். சிறிய களிமண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, மரக்கரி, இவ்வளவை வைத்துக்கொண்டு இந்த மாவட்டத்தில் இரும்பு எடுத்தார்கள். அந்த இரும்பைக் குகை என்ற மூடிய மண் கலத்தில் ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் சேர்த்துச் சூடேற்றி எஃகாக்கியதை 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சேலத்துத் தாதுவை நம்பித்தான் ஆங்கிலேயர் ஜோசையா ஹீத் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். இன்று கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை நிற்கிறது. மாங்காட்டு இரும்புக்கான தாது எங்கிருந்து வந்தது என்று சொல்ல இன்னும் ஆய்வு வேண்டும். ஆனால் இரும்பு இந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

இத்தனை இருந்தும் என்ன நடக்கிறது? கற்திட்டைக்குள் தங்கம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, ராத்திரியோடு ராத்திரியாக மூடுகல்லைப் புரட்டிப் போடுகிறார்கள். கிடைப்பது உடைந்த பானை. அந்த ஆத்திரத்தில் பானையையும் உடைக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் பொற்பட்டங்கள் கிடைத்தது உண்மை. அதற்காக மலைமேல் உள்ள ஒவ்வொரு ஈமச்சின்னத்தையும் கடப்பாரையால் குத்தினால் மிஞ்சுவது பள்ளம்தான். இன்னொரு பக்கம் ஜேசிபி. காப்பித் தோட்டத்துக்கு வழி, ரிசார்ட்டுக்கு மண் சமன், கட்டடத்துக்கு ஜல்லி. கல்வட்டத்துக் கற்கள் வரப்புக்கும் வேலிக்கும் போய்விடுகின்றன. செய்பவருக்கு அது வெறும் கல். அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம். நல்லெண்ணத்தில் எடுத்து வீட்டு ஷோகேஸில் வைப்பவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது, ஆனால் எடுத்த அன்றே அந்தக் கல் எங்கே, எதோடு கிடந்தது என்ற செய்தி அறுந்துவிடுகிறது.

சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தொல்லியல் சின்னங்களைக் காக்க 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் தனியாக உண்டு. ஆனால் அறிவித்துப் பாதுகாத்த இடங்களைவிட, யாருடைய கணக்கிலும் ஏறாமல் காட்டுக்குள் கிடக்கும் இடங்களே மிக அதிகம். பட்டியலில் இல்லாத ஒன்றை எந்தச் சட்டமும் போய்க் காப்பாற்றாது. அந்தப் பட்டியலை அதிகாரிகள் மட்டும் போட்டு முடிக்க முடியாது. மாடு மேய்க்கிறவருக்கும் மிளகு பறிக்கப் போகிறவருக்கும் தெரிந்த அளவு யாருக்கும் இந்த மலை தெரியாது.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் ஊரில் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று யாராவது சொன்னால் பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். கல்லைத் தொட்டு நகர்த்த வேண்டாம், உள்ளே இறங்க வேண்டாம், மண்ணைக் கிளற வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ குச்சியோ வைத்து நான்கு பக்கமும் படம் எடுங்கள், அளவு தெரிய வேண்டும். இடுதுளை இருந்தால் எந்தத் திசை என்று பாருங்கள். செல்போனில் அந்த இடத்தின் இருப்பிடக் குறியைச் சேமியுங்கள். ஊர்க்காரர்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள், யார் நிலம், பக்கத்தில் ஓடை உண்டா, பானை ஓடு கிடக்கிறதா என்று நோட்டில் எழுதுங்கள். ஓடுகளை எடுத்து வராமல் படம் மட்டும் எடுத்தால் போதும். அதை உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர்கள் அதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இருப்பிடக் குறியை மட்டும் வாட்ஸ்அப் குரூப்பிலும் முகநூலிலும் போட்டுவிடாதீர்கள். கடப்பாரைக்காரர்களும் அங்கேதான் பார்க்கிறார்கள்.