புளூபெர்ரி இல்லாமலே நீலம்: ஏழு வயதுப் பிறந்தநாளுக்கு ஒரு வானவில் பலகை

வணக்கம் நண்பர்களே. 125 கிராம் புளூபெர்ரி உள்ள ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பெட்டியின் விலை 420 ரூபாய். கிலோக் கணக்கில் பார்த்தால் 3,360 ரூபாய். சென்னையில் ஒரு பழக்கடையில் புளூபெர்ரிக்கு இந்த விலையைப் பார்த்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. அந்தப் பெட்டியை நான் வாங்கவில்லை. வாங்காமலேயே, சந்தேகத்துக்கு இடமில்லாத நல்ல நீலத்தை ஒரு வானவில் பலகையில், அதாவது ஏழு நிற உணவுகளை வானவில்லாக அடுக்கிய விருந்துப் பலகையில், கொண்டுவந்துவிட்டேன். அதை முழுமையாகச் சொல்வதற்காகத்தான் இன்றைய காணொளி.

விலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புளூபெர்ரியின் தோலுக்குள் இருக்கும் நிறமி நீலமே அல்ல, அது கருஞ்சிவப்பு. மேலே படிந்திருக்கும் மெல்லிய மெழுகுப் படலத்தின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்தப் பழம் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் விளக்கினார்கள். மெழுகைத் துடைத்துவிட்டால் பழம் கறுத்துத் தெரியும். நான் பார்த்த பெட்டியில் பழங்கள் ஒன்றோடொன்று உரசி உரசி, பாதிக்கு மேல் கறுத்தே போயிருந்தன. நீல நிறத்துக்காக 420 ரூபாய் கொடுத்து, வீட்டுக்கு வந்து கறுப்பைத் தட்டில் அடுக்குவதை நான் எந்த வகையிலும் ஏற்க மாட்டேன். அதே சாலையில், அந்தக் கடைக்கு வெளியே ஒரு அம்மா நாவல்பழத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு கிலோ 240 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கூடையிலிருந்து ஒரு கிலோவை வாங்கிக்கொண்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எதற்காக இந்தப் பலகை என்பதைச் சொல்ல வேண்டும். என் அண்ணன் மகளுக்கு ஏழு வயது நிறைகிறது. "அத்தை, எனக்கு வானவில் கேக் வேண்டும்" என்று கேட்டாள். இந்தச் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் பதில் தெரிந்திருக்கும். கலர் பொடி போட்ட எதையும் நான் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. 2024 பிப்ரவரியில், பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது ஆய்வில் உறுதியானதும் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். அன்றிலிருந்து என் பிடிவாதம் இன்னும் உறுதியாகிவிட்டது. ஆகவே, கேக்குக்குப் பதிலாக ஏழு நிறங்களில் ஒரு கிரேசிங் போர்டு, ஒரு துளி செயற்கை நிறமும் இல்லாமல் செய்து தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். கிரேசிங் போர்டு என்றால் பெரிய பலகையில் பழம், காய், சிறுதீனி எல்லாவற்றையும் நெருக்கமாகப் பரப்பி வைத்து, வருகிறவர்கள் நின்றபடியே வேண்டியதை எடுத்துச் சாப்பிடும் முறை. இதற்கென்றே ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் மரப்பலகைகள் விற்கின்றன. நான் எங்கள் சாப்பாட்டு மேசையையே பலகையாக்கி, அதன்மேல் தலைவாழை இலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினேன். பச்சை இலையின்மேல் மற்ற நிறங்கள் எடுப்பாகத் தெரியும், முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடலாம், மரத்தில் மாதுளைக் கறை படியுமோ என்ற கவலையும் இல்லை.

இனி வடிவம். இணையத்தில் காணும் பெரும்பாலான வானவில் பலகைகளில் நிறங்களை நேர்கோடுகளாக அடுக்குகிறார்கள். எனக்கு அது பிடிப்பதே இல்லை. வானவில் வில்லாகத்தான் இருக்க வேண்டும். சிவப்பு வெளியே, ஊதா உள்ளே. வானத்தில் தெளிவாகத் தெரியும் முதன்மை வானவில்லில் அந்த வரிசைதான் இருக்கிறது. இதில் ஒரு பெரிய ஆதாயமும் இருக்கிறது. நான் வரைந்த அரைவட்டத்தின் வெளி ஆரம் 40 சென்டிமீட்டர், உள் ஆரம் 10 சென்டிமீட்டர். நடுவில் உள்ள 30 சென்டிமீட்டரை ஏழாகப் பிரித்தால் ஒவ்வொரு பட்டையும் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். சிவப்புப் பட்டையின் நீளம் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர். ஊதாப் பட்டைக்கோ 40 சென்டிமீட்டர்கூட இல்லை. அதாவது மலிவாகக் கிடைக்கும் தர்பூசணிதான் அதிகமாக வேண்டும், கிடைப்பதற்கு அரிய நீலமும் ஊதாவும் குறைவாக இருந்தாலே போதும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நூலில் சாக்குக்கட்டியைக் கட்டி இலைகளின்மேல் வட்டம் போடலாம் என்று அண்ணன் சொன்னார். உணவு வைக்கும் இடத்தில் சாக்குக்கட்டி கூடாது என்று சொல்லிவிட்டு, நூலின் முனையில் கிராம்பு ஒன்றைக் கட்டி, இலையில் லேசாகக் கீறிக்கொண்டேன்.

சிவப்புக்குத் தர்பூசணித் துண்டுகள், மாதுளை முத்துகள், கொடைக்கானல் பிளம்ஸ். தர்பூசணியை வெட்டியதும் வடிதட்டில் கால் மணி நேரம் வைத்து நீரை வடித்த பிறகே அடுக்க வேண்டும், இல்லையென்றால் சிவப்புத் தண்ணீர் பக்கத்து நிறங்களுக்குள் ஓடிவிடும். ஆரஞ்சு நிறத்துக்கு ஜாங்கிரி வைக்கலாமே என்று அண்ணி கேட்டார். கடை ஜாங்கிரியின் ஆரஞ்சு பெரும்பாலும் கலர் பொடியால் வருவது என்பதால் மறுத்துவிட்டேன். பப்பாளியும், ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்த ஊட்டி கேரட் குச்சிகளும், சீசன் முடிவில் கிடைத்த அல்போன்சாவும் அந்தப் பட்டையை நிறைத்தன. அல்போன்சாவின் சதை ஆரஞ்சு, பங்கனப்பள்ளியின் சதை மஞ்சள். ஆகவே ஒரே வகைக் கனியால் அடுத்தடுத்த இரண்டு பட்டைகளை நிரப்ப முடிந்தது. மஞ்சளில் பங்கனப்பள்ளியோடு கொட்டை நீக்கிய பண்ருட்டிப் பலாச்சுளையும் அன்னாசியும் சேர்ந்தன. அன்னாசியைத் தயிர் கலந்த தொடுகறிக்கு அருகில் வைக்காதீர்கள். அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைப்பதால் தயிர் சிறிது நேரத்தில் கசந்துவிடும். டப்பாவில் அடைத்த அன்னாசியில் அந்தத் தொல்லை இல்லைதான், ஆனால் அந்தச் சர்க்கரைப்பாகு வாடை எனக்குச் சற்றும் பிடிக்காது. பச்சைக்கு வெள்ளரி, கொய்யா, கிளிமூக்கு மாங்காய், புதினாச் சட்னி தடவிய முக்கோண சாண்ட்விச்.

இப்போது உள்வட்டத்துக்கு வருகிறேன், என் உழைப்பெல்லாம் இங்கேதான். பல பலகைகளில் கருநீலத்தை விட்டுவிட்டு ஆறு நிறங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள், ஏனென்றால் அந்த நிறத்துக்கு உணவு கிடைப்பதில்லை என்று நினைக்கிறார்கள். ஜூன் மாதத்தில் நாவல்பழம் தெருத் தெருவாகக் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு கருநீலத்தை விடுவதா? நாவலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொட்டையை நீக்கி, லேசாக உப்புத் தூவினால் துவர்ப்பு அடங்கிவிடும். நாக்கு முழுவதும் நிறமேறிவிடும் என்பதே குழந்தைகளுக்கு அதன்மேல் உள்ள முதல் ஈர்ப்பு. அந்தப் பட்டையில் மிச்சமிருந்த இடத்தைக் கம்பம் பன்னீர் திராட்சை நிரப்பியது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சை, கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் அறுவடையாவதால் எந்த மாதத்தில் பிறந்தநாள் வந்தாலும் கைகொடுக்கும்.

நீலத்துக்கு என் மாடித் தோட்டத்துச் சங்குப்பூ. கொடி பந்தலில் ஏறிய நாளிலிருந்து நீங்கள் அதைப் பார்த்து வருகிறீர்கள். அடுக்குச் சங்குப்பூவில் இதழ்கள் அதிகம் என்பதால் சாயமும் அதிகம். பூவின் அடியிலுள்ள பச்சைப் புல்லியைக் கிள்ளி எறிந்துவிட்டு, பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கழுவி, இரண்டு கைப்பிடி இதழ்களை அரை லிட்டர் கொதித்த தண்ணீரில் பத்து நிமிடம் மூடி வைத்தால், ஆழமான நீலம் இறங்கும். இதழ்களைப் பிழியாமல் வடித்து, சர்க்கரை நான்கு மேசைக்கரண்டியும் அகர் அகர் தூள் 5 கிராமும் சேர்த்து, கட்டியில்லாமல் கரையும் வரை கொதிக்க விட்டேன். நம் வீடுகளில் சைனா கிராஸ் என்றும் கடற்பாசி என்றும் சொல்வது இதைத்தான். மண்டபம், பாம்பன் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரித்து வரும் பாசிகளிலிருந்தும் அகர் தயாராகிறது. இனிப்புகளை உறைய வைக்கப் பலர் பயன்படுத்தும், விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் 35 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும், சென்னை வெயிலில் அது நிற்காது. அகர் ஒரு முறை உறைந்துவிட்டால் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். தவிர, அது முழுக்கச் சைவம்.

அடுப்பை அணைத்ததும் கலவையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு தட்டில் ஊற்றினேன், அது நீலம். மீதமிருந்த பங்கில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை விட்டுக் கலக்கியதும், கண்ணெதிரே அது ஊதாவாக மாறியது! அண்ணன் மகள் கைதட்டிக் குதித்ததைக் காணொளியில் பார்ப்பீர்கள். சங்குப்பூவில் உள்ள ஆந்தோசயனின் நிறமி, புளிப்புச் சேர்ந்தால் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும், சோடா உப்பைப் போன்ற காரம் சேர்ந்தால் பச்சைச் சாயலாகவும் மாறும் இயல்புடையது. ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டு நிறங்கள் கிடைத்துவிட்டன, செலவு எலுமிச்சைக்கும் அகருக்கும் மட்டும்தான். எலுமிச்சையைக் கொதிக்கும்போது விடாதீர்கள். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் அகரின் உறையும் வலு குறைந்துவிடும். உறைந்ததும் சதுரங்களாக வெட்டி அடுக்கினால் அவை நீலக்கல் பதித்ததைப் போல மின்னுகின்றன. நீலத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்ததால், மிச்சமிருந்த பூவில் சாறு இறக்கி, அதில் மாவைப் பிசைந்து சிறு சிறு இடியாப்பங்களும் பிழிந்து வைத்தேன். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் நாசி கெராபு என்ற நீலச்சோறு இந்தப் பூவில்தான் தயாராகிறது என்பதைப் பார்த்ததிலிருந்து இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று: வில்லின் இரண்டு முனைகளிலும் மேகங்கள் வேண்டும். மினி இட்லிகளைக் குவித்து வைத்தேன், நடுவில் தேங்காய்ச் சட்னிக் கிண்ணம், ஒரு பக்கம் நுங்கு. வெளிநாட்டுப் பலகைகளில் இந்த இடத்தில் மார்ஷ்மெல்லோ வைப்பார்கள். சர்க்கரையைத் தவிர அதில் ஒரு சுவையும் இல்லை என்பது என் உறுதியான கருத்து, மினி இட்லியோ முதல் பத்து நிமிடத்தில் காலியாகிவிட்டது.

விருந்துக்கு மூன்று வயதுக் குழந்தைகளும் வந்திருந்ததால், திராட்சை ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நான்காக வெட்டி விதையை எடுத்தோம். முழுத் திராட்சை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தொண்டையை அடைத்துவிடக்கூடும் என்பதால் இதில் சோம்பல் கூடவே கூடாது. அம்மாவும் அண்ணியும் பொறுமையாக உட்கார்ந்து முழுவதையும் வெட்டிக் கொடுத்தார்கள். நேரமும் முக்கியம். வெட்டிய பழங்களை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஆகவே பாதியை மட்டும் பலகையில் வைத்து, மீதியை நிறம் நிறமாக டப்பாக்களில் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, காலியாகக் காலியாக நிரப்பினோம்.

இன்னொன்று, கிளிமூக்கு மாங்காய்க்கான உப்பும் மிளகாய்த் தூளும். அதை மாங்காயின்மேல் தூவி வைத்துவிடாதீர்கள். உப்புப் பட்டதும் மாங்காய் தண்ணீர் விட்டு, பக்கத்திலிருக்கும் சாண்ட்விச் நனைந்துவிடும். தனிக் கிண்ணத்தில், சிறு கரண்டியோடு, பச்சைப் பட்டையின் ஓரத்தில் வையுங்கள். சங்குப்பூ விதை கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். காய்கள் இன்னும் பச்சையாகவே இருக்கின்றன, கொடியிலேயே காய்ந்து பழுப்பானதும் பறித்து, விதைப்பது எப்படி என்பதோடு அடுத்த காணொளியில் காட்டுகிறேன்.