நண்பர் மேல இருந்த மரியாதை ஏன் போகுது?

[திரை: ஒரே ஆளோட ரெண்டு பதிவுகள், பக்கத்துல பக்கத்துல]

ஒரு ஆட்சியில, விசாரணையே இல்லாம ஒருத்தரைப் பிடிச்சு உள்ள வைக்கிறாங்க. உங்க நண்பர் கொதிச்சுப் போறார். பதிவு மேல பதிவு போடறார். அப்புறம் ஆட்சி மாறுது, அவர் ஓட்டுப் போட்ட கட்சி வருது. அதே மாதிரி இன்னொரு கைது. இப்போ சொல்றார்: "சில சமயம் இதெல்லாம் தேவைதான்டா."

உங்களுக்குச் சுருக்குன்னு தைக்குது. ஆரம்பத்துலேருந்தே எதிர் முகாம்ல இருக்கற நண்பரோட விடிய விடியச் சண்டை போட்டாலும் இந்த உணர்வு வராது. அவர் மேல மரியாதை அப்படியே இருக்கும். இவர் மேல மட்டும் ஏன் போகுது?

[தலைப்பு]

மனசு மாறினவங்களைப் பத்தின வீடியோ இல்ல இது. புது விவரம் தெரிஞ்சு கருத்தை மாத்திக்கிறது நல்லதுதான். ஒண்ணை வாங்க இன்னொண்ணை விட்டுக்கொடுக்கறதும் அரசியல்ல சகஜம், கூட்டணின்னாலே அதுதான். அளவுகோலையே மாத்திட்டு, மாத்தவே இல்லன்னு சாதிக்கிறவங்கதான் இங்க விஷயம்.

[திரை: 2003]

ஜெஃப்ரி கோஹன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், கல்லூரி மாணவர்கள்கிட்ட ஒரு நலத்திட்டத்தைப் பத்திக் கருத்து கேட்டார். சிலருக்குக் காட்டினது உதவியை அள்ளித் தர்ற தாராளமான திட்டம், சிலருக்கு அளந்து தர்ற கறாரான திட்டம். கட்சிப் பேரைச் சொல்லாதப்போ, தாராளவாத மாணவர்கள் தாராளமானதையும் பழமைவாத மாணவர்கள் கறாரானதையும் விரும்பினாங்க. 'உங்க கட்சி இதை ஆதரிக்குது'ன்னு சேர்த்ததும் நிலைமை தலைகீழ். கட்சி எதை ஆதரிச்சதோ அதுவே இவங்களுக்கும் சரின்னு பட்டுது.

எனக்கு இதைவிட முக்கியமாப் படறது அடுத்த பகுதி. ஏன் ஆதரிச்சீங்கன்னா, திட்டத்தோட விவரத்தைப் பார்த்துதான், என் கொள்கைப்படிதான்னாங்க. கட்சி சொன்னதைக் கேட்டு ஆடறது எதிரணிக்காரங்கதானாம்!

ஆக, உங்க நண்பர் பொய் சொல்லாமலே இருக்கலாம். தான் மாறவே இல்லன்னு அவர் மனசார நம்பலாம். பழைய பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டினா வேலைக்கு ஆகாததும் இதனாலதான். "அது வேற, இது வேற"ங்கற பதில் தயாரா இருக்கும்.

[திரை: 2017]

சரி, தெரியாமதான் செய்யறார்னாலும் நமக்கு ஏன் இவ்வளவு கசக்குது? ஜில்லியன் ஜோர்டன்ங்கற உளவியல் ஆய்வாளரும் அவரோட சகாக்களும் செஞ்ச ஆய்வு இதுக்குப் பக்கத்துல வருது. ஒருத்தர் ஒரு தப்பைக் கண்டிச்சா, அவர் அதைச் செய்ய மாட்டார்னு நாம நம்பிடறோம். "நான் செய்ய மாட்டேன்"னு அவரே சொல்றதைவிட அந்தக் கண்டனம் அதிகமா எடுபடுது. பிறகு அவரே அதைச் செஞ்சா, நேரடியாப் பொய் சொன்னவரைவிட மோசமா மதிப்பிடறோம். ஆனா, "நானும் சில சமயம் செய்யறேன்"னு ஒத்துக்கிட்டவங்க மேல அந்த வெறுப்பு விழலை.

நண்பர் விஷயத்துல, அவரோட பழைய கோபத்தை நம்பித்தான் மரியாதையைக் கடனா முன்கூட்டியே கொடுத்து வச்சிருந்தோம். இப்போ பழசும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ள வருது. அன்னைக்கு அவர் கொதிச்சது கைதைப் பார்த்தா, கைது பண்ணின ஆட்சியைப் பார்த்தா?

ஒரு இடைச்செருகல்: அவர் நம்ம பக்கம் சாய்ஞ்சிருந்தா நாம இதைக் கவனிச்சிருப்போமா? 'பரவாயில்ல, தெளிஞ்சிட்டான்'னு சொல்லியிருப்போம். கோஹனோட மாணவர்கள் ரெண்டு பக்கமும் இருந்தாங்க.

[திரை: ஒரே ஒரு கேள்வி]

ஸ்கிரீன்ஷாட்டை விட்டுட்டு நேரா கேளுங்க: "அன்னைக்கு நீ சொன்னது தப்புன்னு இப்போ நினைக்கிறியா?"

"ஆமா"ன்னா, ஏன்னு பேசலாம். "வேலைக்கு ஆபத்து, அதான் வாயை மூடிக்கிட்டேன்"னா, உங்களுக்குப் பிடிக்காது, ஆனா உண்மையைச் சொல்றார். மரியாதை கொஞ்சமாவது திரும்பும். "அது வேற"ன்னா, என்ன வேறன்னு கேளுங்க. கட்சிகளை இடம் மாத்தினாலும் அந்தக் காரணம் நிக்குமா? நிக்கலைன்னா, அவர்கிட்ட அரசியல் பேசறதை நிறுத்திக்கலாம். ஆபத்து அவசரம்னா முதல் ஆளா ஓடி வர்றவரும் அவராவே இருக்கலாம், அந்தக் கணக்கு தனி.