ஐ.வி.எஃப்புக்கு முன்னாடி ரூபெல்லா ஊசி: அந்த ஒரு மாசம் வீணா?

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "எனக்கு 36 வயசு. ஐ.வி.எஃப், அதான் டெஸ்ட் டியூப் குழந்தை சிகிச்சை, ஆரம்பிக்கலாம்னு போனா, ரூபெல்லா ஊசி போட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க. ஏற்கனவே நாள் ஓடிட்டு இருக்கு, இது அவசியமா?"

ரெண்டு நாளா இந்தக் கேள்வி மனசுலயே நிக்குது. 36 வயசுல ஒரு மாசம்னா எவ்வளவு பெருசுன்னு எனக்குப் புரியுதும்மா. ஆனாலும் அவசியம்தான்.

1941-ல ஆஸ்திரேலியாவுல நார்மன் கிரெக்னு ஒரு கண் டாக்டர். அவர்கிட்ட கைக்குழந்தைகளா வருது, எல்லாத்துக்கும் பிறவியிலேயே கண்புரை. விசாரிச்சா, அந்த அம்மாக்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கர்ப்பத்தோட ஆரம்பத்துல ரூபெல்லா வந்திருக்கு. அம்மாவுக்கு லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். முதல் 12 வாரத்துல வந்தா, குழந்தையைப் பாதிக்கிற வாய்ப்பு நூத்துக்கு 90 வரைக்கும் போகும். கண்ணு, காது, இதயம். இவ்வளவு கஷ்டப்பட்டு உண்டாகிற குழந்தைக்கு அது வரலாமா?

பழைய வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும், நான் எப்பவும் சொல்றதுதான்: உயிருள்ள ஊசியா, உயிரில்லாத ஊசியா? முதல்ல அதைக் கேளுங்க. ரூபெல்லா, சின்னம்மை ரெண்டும் உயிரோட இருக்கிற கிருமியைப் பலவீனமாக்கிச் செய்யறது. கர்ப்பத்துல போட முடியாது. போட்டா ஒரு மாசம் கரு நிக்கக் கூடாது. ஃப்ளூ, கோவிட் ஊசியில உயிருள்ள கிருமி இல்லை, கர்ப்பத்துலயே போடலாம். ஃப்ளூவுக்கு மூக்குல அடிக்கிற ஸ்பிரே மட்டும் உயிருள்ளது, அது வேண்டாம். கோவிட் ஊசி போட்டா குழந்தை நிக்காதுன்னு ஒரு பேச்சு ஓடுச்சே, அது பொய்.

ஊசிக்கு முன்னாடி ரத்தத்துல ரூபெல்லா ஐ.ஜி.ஜி, அதாவது எதிர்ப்பு சக்தி இருக்கான்னு காட்டற பரிசோதனை, பார்த்தாங்களான்னு கேளுங்க. எதிர்ப்பு சக்தி ஏற்கனவே இருந்தா ஊசியும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.

ஒரு அம்மா என்கிட்ட கேட்டாங்க, "அஞ்சு வருஷமா நிக்கலைன்னுதானே டாக்டர் வந்திருக்கோம், இந்த ஒரு மாசத்துக்கு ஆணுறை எதுக்கு?" சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு. அந்த வார்த்தை எவ்வளவு வலிக்கும்! ஆனா நிக்காதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கலையே, சில பேருக்குத் தானாவே நின்னுடுது. அப்படித் தெரியாம நின்னுட்டா, பயந்துபோய்க் கருவைக் கலைக்காதீங்க. அதுக்காகக் கலைக்கத் தேவையில்லை, டாக்டர்கிட்ட சொல்லிட்டாப் போதும்.

கேள்வியில வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு அதுதான் உறுத்துது. யாராவது கேட்க மாட்டாங்களான்னு ரொம்ப நாளா காத்திருக்கேன்! அவருக்கு ரூபெல்லா வந்தா வீட்டுக்குள்ள உங்களுக்கும் வரும். ரூபெல்லாவுக்குப் போடற அதே எம்.எம்.ஆர் ஊசியில பொன்னுக்கு வீங்கிக்கும் தடுப்பு இருக்கு. ஊசி போடாத ஆம்பளைங்களுக்கு வயசுக்கு வந்தப்புறம் அது வந்தா, நூத்துக்கு 30 பேர் வரைக்கும் விரை வீங்கலாம், சிலருக்கு விந்தணு குறையும். அவர் ஊசி போட்டுக்கிட்டா ஒரு மாசக் கணக்கும் கிடையாது. ரெண்டு பேருக்கும் ஹெபடைடிஸ் பி, அதாவது கல்லீரலைப் பாதிக்கிற கிருமி, அதுக்கான பரிசோதனை எப்படியும் எடுப்பாங்க. ஒருத்தருக்கு இருந்து, இன்னொருத்தருக்கு எதிர்ப்பு சக்தி இல்லைன்னா, அந்த எதிர்ப்பு சக்தி இல்லாதவருக்கு ஹெபடைடிஸ் பி ஊசியை உடனே ஆரம்பிச்சிடணும்.

அந்த ஒரு மாசத்துல மத்த பரிசோதனை எதெல்லாம் முடிச்சுக்கலாம்னு கேட்டுக்கோங்கம்மா. போகும்போது அவரையும் கையோட கூட்டிட்டுப் போங்க.