கோட்டையைக் கொடுத்துவிட்டு வந்த கவர்னர்

எல்லாருக்கும் வணக்கம். டச்சுக்காரர்கள் என்றதும் நமக்குப் பழவேற்காடும் நாகப்பட்டினமும்தான் நினைவுக்கு வரும். பழவேற்காட்டுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பார்களே, அதைப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நாலு பேராவது இருப்பீர்கள். இன்றைக்கு நான் பேசப்போகிற ஆள் இந்தப் பக்கம் வேலை பார்த்தவர் இல்லை, தைவானில் இருந்தவர். ஆனால் அவர் ஆண்ட தீவுக்கும் நம் நெசவாளர் தறிக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஜப்பானில் வாங்கிய வெள்ளியைத் தைவானுக்குக் கொண்டுபோய், அங்கே வருகிற சீன வியாபாரிகளிடம் கொடுத்துத் தங்கம் வாங்கி, அந்தத் தங்கத்தைக் கப்பலில் ஏற்றிச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பி, இங்கே துணி எடுத்து, அந்தத் துணியைக் கொடுத்துக் கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். அத்தனையையும் சுற்றவிட்டது டச்சுக் கும்பினி, அதாவது டச்சுக் கிழக்கிந்திய வியாபாரக் கம்பெனி.

ஆளின் பெயர் பிரடெரிக் கோயெட். டச்சுக்காரரே இல்லை, ஸ்டாக்ஹோமில் பிறந்த ஸ்வீடன்காரர். கும்பினிக்கு யார் எந்த ஊர் என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை, கணக்குச் சரியாக இருந்தால் போதும். நாகசாகியில் தெஷிமா என்கிற குட்டித் தீவுக் கிடங்கில் இரண்டு முறை தலைவராக இருந்தார். 1656இல் தைவானுக்குக் கவர்னர் ஆனார். அதுவரை நல்ல உத்தியோகஸ்தர், அவ்வளவுதான்.

அவர் இருந்த கோட்டையின் பெயர் ஸேலாண்டியா. இன்றைய தைனான் நகரத்துக்குப் பக்கத்தில், ஆன்பிங்கில், ஒரு துண்டுச் சுவர் இன்னும் நிற்கிறது, மேலே ஆலமர வேர் படர்ந்து கிடக்கும். செங்கல்லை இணைக்கச் சிப்பிச் சுண்ணாம்போடு சர்க்கரைப் பாகும் பசையரிசிக் கஞ்சியும் கலந்தார்களாம். நம் ஊரில் சுண்ணாம்போடு கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்து அரைப்பார்களே, கிட்டத்தட்ட அதே கைப்பக்குவம். முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தத் துண்டு பெயரவில்லை.

சரி, எதிரி யார்? கொக்ஸிங்கா. சீனாவில் மிங் வம்சம் விழுந்து மஞ்சூக்காரர்கள் ஆட்சி வந்தபோது பணிய மறுத்த தளபதி. அம்மா ஜப்பானியர். அப்பா செங் சிலோங் பெரிய கடல் வியாபாரி, கடல் கொள்ளைக்காரரும்கூட. இந்த அப்பா இளவயதில் டச்சுக்காரர்களிடம் துபாஷி வேலை, அதாவது மொழிபெயர்ப்பு வேலை, பார்த்தவர்! துபாஷி என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம், இரண்டு பக்க ரகசியமும் அவன் மடியில்தான் இருக்கும். அப்புறம் கோயெட் காலத்தில் இன்னொரு துபாஷி வருகிறார், ஹோ பின். கும்பினிச் சம்பளம் வாங்கிக்கொண்டே கொக்ஸிங்காவுக்காகத் தைவான் வியாபாரிகளிடம் ரகசியமாகச் சுங்கம் வசூலித்திருக்கிறார். 1659இல் பிடிபட்டார், வேலை போனது, கடனும் ஏறியது, ஆள் ஓடிப்போய்க் கொக்ஸிங்காவிடம் சேர்ந்தார். சும்மா போகவில்லை, தீவின் வரைபடத்தோடு போனார். டச்சுக்காரர்களுக்கு எதிரியைப் பெற்றுக் கொடுத்தவரும் துபாஷி, அந்த எதிரிக்கு வழி காட்டியவரும் துபாஷி. கோயெட்டின் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

கொக்ஸிங்கா வரப்போகிறார் என்று கோயெட் தலைமையிடமான பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, எழுதிக்கொண்டே இருந்தார். அங்கே ஆலோசனைச் சபையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் நிக்கோலாஸ் வெர்பர்க், கோயெட்டுக்கு முன்னாலேயே தைவான் கவர்னராக இருந்தவர், கோயெட்டுக்கு ஆகாதவர். அவர் காலத்தில்தான் 1652இல் தலைவரி தாங்காமல் சீன விவசாயிகள் கிளர்ந்து, ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஆக, தீவில் பகை ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. சபையில் பேச்சு என்னவோ கோயெட் தொடைநடுங்கி என்பதாகத்தான் இருந்தது.

இருந்தும் 1660இல் வான் டெர் லான் என்பவர் தலைமையில் 12 கப்பல்களும் 600 வீரர்களும் வந்தார்கள். இந்த ஆள் இலங்கையில் போர்த்துக்கீசரோடு மோதிப் பெயர் வாங்கியவர், இப்போதும் மனசெல்லாம் சீனக் கரையில் போர்த்துக்கீசர் வைத்திருந்த மக்காவு துறைமுகத்தைப் பிடிப்பதிலேயே இருந்தது. கொக்ஸிங்காவின் நோக்கம் என்ன என்று கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். பதிலில் நட்பும் இருந்தது, கூடவே ஒரு வரியும் இருந்தது: கிழக்கே போவதாக இருந்தால் மேற்கே போவதாகச் சொல்வது தன் வழக்கம் என்கிற மாதிரி. இதைவிடத் தெளிவாக யார் மிரட்டுவார்கள்? வான் டெர் லானுக்கு அது உறைக்கவில்லை. 1661 பிப்ரவரியில் வீரர்களை விட்டுவிட்டு, அவர்களை நடத்தவேண்டிய அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 30, விடிகாலை. நூற்றுக்கணக்கான சீனக் கப்பல்கள், ஏறக்குறைய 25,000 பேர். பீரங்கிகள் காத்திருந்த பெரிய வாய்க்கால் பக்கமே வராமல், ஆழமில்லை என்று டச்சுக்காரர்கள் கண்டுகொள்ளாத வேறொரு வாய்க்காலில், கடல் ஏற்றம் பார்த்து நுழைந்தார்கள். கோட்டைக்குள் வீரர்கள் ஆயிரம் பேர் சுமார். பெடல் என்கிற கேப்டன், துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே சீனர்கள் ஓடிவிடுவார்கள் என்று நம்பி 240 பேரோடு மணல்திட்டில் இறங்கினார். எதிரே நின்றவர்கள் நகரவே இல்லை. அன்றைக்கு 118 பேர் செத்தார்கள், பெடலும் சேர்த்து. ஹெக்டர் என்கிற பெரிய கப்பல் வெடித்துச் சிதறியது. எதிர்க்கரையில் இருந்த சின்னக் கோட்டை சில நாளில் பணிந்தது.

ஹாம்ப்ரூக் என்ற பாதிரியார் எதிரி கையில் சிக்கியிருந்தார். சரணடையச் சொல்லி அவரையே கொக்ஸிங்கா தூது அனுப்பினார், மனைவியும் மற்றப் பிள்ளைகளும் அங்கே பிணை. இரண்டு மகள்கள் கோட்டைக்குள். அந்த மனிதர் உள்ளே வந்து, சரணடையாதீர்கள் என்று சொல்லிவிட்டு, மகள்கள் அழ அழத் திரும்பிப் போனார். பிறகு தலை வெட்டப்பட்டார்.

மரியா என்கிற சின்னக் கப்பல் தப்பித்து, பருவக்காற்றை எதிர்த்து ஐம்பது நாளுக்கு மேல் ஓடிப் பத்தாவியா போய்ச் சேர்ந்து செய்தி சொன்னது. கூத்து என்னவென்றால், அதற்கு இரண்டே நாள் முன்னால்தான், பயந்தாங்கொள்ளி கோயெட்டை நீக்கிவிட்டுக் கவர்னராக இரு என்று கிளெங்க் என்பவரைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். ஆள் அனுப்பித் திருப்பப் பார்த்தார்கள், முடியவில்லை. கிளெங்க் வந்து தூரத்திலிருந்தே கோட்டையைப் பார்த்தார், கரையில் கால் வைக்காமல் ஜப்பான் பக்கம் போய்விட்டார். ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு பதவி ஏற்காமல் போன கவர்னர்!

உதவிக்கு வந்த கப்பற்படைத் தலைவர் யாக்கப் காவ், ஒரு வக்கீல். கடலில் ஒரு சண்டை போட்டுத் தோற்றார், சீனக் கரையில் எதிரியைத் தாக்கப்போகிறேன் என்று கிளம்பி சயாம் வழியாகப் பத்தாவியாவுக்கே போய்விட்டார். கோட்டைக்குள் சாவு, வியாதி, பஞ்சம். ராடிஸ் என்ற ஜெர்மன் சார்ஜண்ட் அந்தப் பக்கம் ஓடி, குன்றின் மேல் இருக்கிற சின்ன அரணை அடியுங்கள், கோட்டை தானாக விழும் என்று சொல்லிக்கொடுத்தான். 1662 ஜனவரி 25 அன்று அது விழுந்தது. பிப்ரவரி 1 அன்று ஒப்பந்தம். துப்பாக்கியில் குண்டோடு, கொடி பறக்க, மேளம் கொட்டிக்கொண்டு வெளியே போகலாம், கும்பினிச் சரக்கும் பணமும் கொக்ஸிங்காவுக்கு. ஒன்பது மாத முற்றுகையில் இருந்து மிச்சமிருந்தவர்களை உயிரோடு கூட்டி வந்தார் கோயெட். கொக்ஸிங்கா அதே வருடம் ஜூனில் செத்துப்போனார்.

பத்தாவியாவில் கோயெட்டுக்கு விலங்கு காத்திருந்தது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் கொலைமேடையில் மண்டியிட வைத்துத் தலைக்குமேல் வாளைச் சுழற்றிக் காட்டி, ஜாதிக்காய் விளைகிற பாண்டா தீவுகளில் ஒன்றான ஆய் தீவுக்கு ஆயுளுக்கும் நாடுகடத்தினார்கள். வான் டெர் லான், காவ், வெர்பர்க் மேலெல்லாம் இப்படிப் பெரிய பழி விழவில்லை. 1674இல் ஒரேஞ்ச் இளவரசர் வில்லியம் தலையிட்டு, குடும்பம் 25,000 கில்டர் (டச்சுக்காரர்களின் காசு) கட்டியபின் விடுதலை, இனிக் கிழக்கே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. அடுத்த வருடமே 'கைவிடப்பட்ட பார்மோசா' என்று ஒரு புத்தகம் வெளிவந்தது, பார்மோசா என்பது தைவானுக்கு அன்றைய ஐரோப்பியர் வைத்த பெயர், ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சி.இ.எஸ். என்று மூன்று எழுத்து மட்டும். லத்தீனில் 'கோயெட் எட் சோசீ', அதாவது 'கோயெட்டும் கூட்டாளிகளும்' என்பதன் சுருக்கம் என்று படிப்பவர்கள் சொல்கிறார்கள். ஆள் தன் வழக்கைத் தானே வாதாடுகிறார் என்பதை மறக்காமல் படிக்கவேண்டும், தன் ஆட்சியில் சீனர்கள் பட்டபாட்டைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் மகன் பல்தசார் கோயெட்டும் கும்பினி வேலைக்கே போனார். படிப்படியாக உயர்ந்து பாண்டா தீவுகளுக்குக் கவர்னர் ஆனார். அப்பா கைதியாகக் கிடந்த ஆய் தீவும் அவர் ஆட்சிக்குள்தான் வந்தது.