கோல்ஃப் மட்டையோடு போருக்குப் போன பையன்

எல்லோருக்கும் வணக்கம்.

டிசம்பர் 16 என்றால் 1971 போரில் நாம் ஜெயித்த நாள், டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாள் என்று உங்களுக்குத் தெரியும். நான் டாக்காவைப் பற்றிப் பேச வரவில்லை. அதே நாளில் அங்கிருந்து வெகுதூரத்தில், மேற்கு எல்லையில் பசந்தர் ஆற்றைத் தாண்டிப் போய், ஒரு டாங்கிக்குள் உயிரை விட்ட செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் என்ற பையனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பையன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வயது 21. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பலருக்கு ஏறத்தாழ அந்த வயதுதான் இருக்கும்.

1971 ஜூன் மாதம்தான் அவர் அதிகாரியாகி 17 பூனா ஹார்ஸ் என்ற டாங்கி ரெஜிமென்ட்டில் சேர்கிறார். ஆக, மொத்த சர்வீஸே ஆறு மாதம். அகமதுநகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தபோது, போர் வரப்போகிறது, படைக்குத் திரும்புங்கள் என்று பாதியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். போகிற வழியில் வீட்டுக்கு வருகிறார். வந்தவர் பெட்டியில் என்ன எடுத்து வைக்கிறார் தெரியுமா? கோல்ஃப் மட்டைகள். அப்புறம் விருந்துக்குப் போடுகிற நீலச் சீருடை. போருக்குப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், லாகூரில் கோல்ஃப் ஆடுவேன், ஜெயித்த பிறகு விருந்து நடக்குமே, அதற்கு உடை வேண்டாமா என்கிறார். எனக்கு அவரைப் பற்றி எத்தனையோ படித்தாலும் மனதில் நிற்பது அந்தப் பெட்டிதான். திரும்பி வரமாட்டோம் என்ற நினைப்பே இல்லாமல் கட்டின பெட்டி அது.

கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து பட்டாளத்துக் குடும்பம். சிங்கம் மாதிரி சண்டை போடு, கோழையாகத் திரும்பி வராதே என்று அம்மா சொல்லி அனுப்பியதாகச் சொல்வார்கள். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். நான் கைதட்டலுக்காகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அந்த அம்மா பிறகு எத்தனை ராத்திரி நினைத்துப் பார்த்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, சண்டைக்கு வருகிறேன். டிசம்பர் 15 இரவு நம் காலாட்படை ஆற்றைத் தாண்டி அக்கரையில் இடம் பிடித்துவிட்டது. ஆனால் டாங்கிகள் பின்னாலேயே போக முடியவில்லை, ஏனென்றால் வழியெல்லாம் கண்ணிவெடி. பொறியாளர் படை அதை அகற்றி முடிக்கவில்லை, பாதி வேலைதான் ஆகியிருந்தது. அதற்குள் எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிகிறது. டாங்கித் துணை இல்லாமல் அக்கரையில் நிற்கிறவர்கள் கதி என்ன ஆகும் என்று உங்களுக்கே புரியும். பூனா ஹார்ஸ் காத்திருக்கவில்லை, அகற்றாத கண்ணிவெடிகளுக்கு நடுவிலேயே டாங்கிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இந்த ஒரு முடிவைப் பற்றியே தனியாக ஒரு நாள் பேசலாம்.

மறுநாள் காலை எட்டு மணிவாக்கில் புகைத்திரைக்குப் பின்னாலிருந்து பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் டாங்கிப் படை வருகிறது. நம் பக்கம் உதவி கேட்டு ரேடியோவில் குரல் வந்ததும் அருண் தன் டாங்கிகளோடு பாய்கிறார். அன்றைய சண்டையில் வீழ்ந்த டாங்கிகளில் நான்கு அவர் கணக்கில் இருக்கின்றன. அவருடைய டாங்கியும் அடிபட்டுத் தீப்பிடிக்கிறது. ஃபாமகுஸ்தா என்று பேர் வைத்த செஞ்சூரியன் டாங்கி அது. இறங்கிவிடு என்று மேலதிகாரி ரேடியோவில் உத்தரவு போடுகிறார். முடியாது சார், என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று பதில் வருகிறது. அவர் கடைசியாக அடித்த டாங்கி அவரிடமிருந்து சுமார் 100 மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு விழுந்த குண்டில் முடிந்துவிட்டது. அதே டாங்கியில் ரேடியோ இயக்கிய சோவார், அதாவது சிப்பாய், நந்த் சிங்கும் இறந்தார். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

போர் ஓய்ந்து, பிள்ளை வந்துவிடுவான் என்று வீடு காத்திருந்த நேரத்தில், சில நாள் கழித்துத்தான் செய்தி போய்ச் சேர்ந்தது. போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். செய்ய வேண்டியதுதான். நம் ஊர்களில் ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு அந்தக் காலத்திலேயே நடுகல் நட்டு, பேரும் பெருமையும் எழுதி வைத்தவர்கள் நாம். ஆனால் செத்தவனுக்கு எதிரியே வந்து நடுகல் எழுதிய கதையை நான் இந்தப் பையன் விஷயத்தில்தான் பார்த்தேன்.

2001-ல் அருணின் அப்பா, ஓய்வுபெற்ற பிரிகேடியர், வயது 81, தான் பிறந்த சர்கோதாவைச் சாவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பாகிஸ்தான் போகிறார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பாகிஸ்தான் ராணுவத்து பிரிகேடியர் குவாஜா முகமது நாசர். மூன்று நாள் அப்படி ஒரு கவனிப்பு. எதற்கு இவ்வளவு என்று பெரியவருக்கே புரியவில்லை. புறப்படுவதற்கு முந்தைய இரவு, சாப்பாட்டுக்குப் பிறகுதான் நாசர் வாயைத் திறக்கிறார். அன்றைக்கு எதிரில் இருந்தது நான்தான், உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்கிறார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று நாளாக அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். சொன்னவருக்கும் அது லேசான காரியம் இல்லை, 30 வருஷம் நெஞ்சில் வைத்திருந்து, அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்து மூன்று நாள் தயங்கி, கடைசியில் சொல்லியிருக்கிறார். கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்திருப்பார். இரண்டு பேருமே பட்டாளத்துக்காரர்கள், அதனால்தான் அந்த ராத்திரியைத் தாண்ட முடிந்தது என்று நினைக்கிறேன்.

அவர் ஊர் திரும்பிய பிறகு நாசரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது, இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. அதில் எழுதியிருந்தார்: 13 லான்சர்ஸின் எதிர்த்தாக்குதலில் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே தாண்ட முடியாத பாறையாக நின்ற அருணின் தந்தைக்கு.