இல்லறத்தின் ஐந்தாவது பங்கு

அவைத் தலைவர் அவர்களே, ரப்பர்ப் பால் மரக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் உழைத்து, இன்று இந்தச் சுங்கை சிப்புட் நகரத்துத் தாமான் வீடமைப்புப் பகுதிகளில் குடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

அன்பான உறவுகள் நிலைக்க வேண்டுமானால் ஒருவர் தம்மைப் பேணிக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் இந்தப் பேச்சை எடுத்தாலே, தன்னைப் பார்த்துக்கொள்கிறவள் குடும்பத்தை எங்கே பார்க்கப் போகிறாள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் திருவள்ளுவரே பதில் சொல்லட்டும். ‘தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தானென்றாங்கு ஐம்புலத்தாறு ஓம்பல் தலை’ என்னும் 43ஆம் குறளில், மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகிய நால்வரோடு தன்னையும் ஐந்தாவதாகச் சேர்த்து, இந்த ஐவரையும் காப்பதே இல்லறத்தானுடைய கடமை என்கிறார். எந்த அறத்தையும் தான் உயிரோடு இருந்தே செய்ய வேண்டியிருப்பதால் தன்னைக் காப்பதும் அறமாயிற்று என்று பரிமேலழகர் அதற்குக் காரணம் காட்டுகிறார். திருவள்ளுவர் தன்னைக் கடைசியில்தான் வைத்தார் என்று சொல்வீர்கள். கடைசியில் வைத்தாரே தவிர, விட்டுவிடவில்லை.

நான் அரசாங்கக் கிளினிக்கில் மிஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே அடிக்கடி கண்ட காட்சி ஒன்று உண்டு. ஓர் அம்மா கைப்பையைத் திறந்து கார்டுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைப்பார். மாமியாருடைய இரத்த அழுத்தக் கார்டு, கணவருடைய நீரிழிவுக் கார்டு, பேரப்பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகம் என்று எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு, தேதி தவறாமல் இருக்கும். உங்கள் கார்டு எங்கே அம்மா என்று கேட்டால், பையின் அடியிலிருந்து மடங்கிப்போன ஒன்று வெளியே வரும். அதில் குறித்த நாள் கடந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். “எனக்கென்ன மிஸி, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்பார். அழுத்தம் பார்த்தால், நாம் அவரை உடனே உட்கார வைக்க வேண்டிய அளவில் இருக்கும்.

அதே அம்மா முந்தின இரவு மாமியார் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டதற்காகக் கத்தியிருப்பார். பிறகு அடுப்படியில் போய் அழுதிருப்பார். அவருக்கு அன்பு குறைந்துவிட்டதா? இல்லை, தூக்கம் குறைந்திருக்கிறது. சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே இது மற்ற இனத்தவரைவிட அதிகம். தூக்கம் கெட்டாலும் சர்க்கரை அளவு தாறுமாறாக ஏறி இறங்கினாலும் களைப்பும் எரிச்சலும் வரும். குணம் கெட்டுப்போய்விட்டது என்று நாம் பேசும் பலருக்கு, முதலில் பார்க்க வேண்டியது உடம்பைத்தான்.

பால் வெட்டியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இன்று வெட்டிய மரத்தை நாளை தொடமாட்டோம். ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். உளி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். இது கங்காணிக்கும் தெரியும், கணக்கெழுதும் கிராணிக்கும் தெரியும், தோட்டத்துத் துரைக்கும் தெரியும். ஆனால் மரம் ஓய்ந்த நாளில் வெட்டியவர் ஓய்ந்தாரா? அவர் அடுத்த பகுதிக்குப் பால் பிடிக்கும் மங்கு துடைக்கப் போய்விட்டார். மரத்துக்கு இருந்த முறை மனிதருக்கு இருக்கவில்லை. விடிவதற்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு எழுந்த அந்தப் பழக்கம், உளியைக் கீழே வைத்த பின்பும் நம் பெண்களை விட்டுப் போகவில்லை.

அக்காலத்துத் தோட்ட வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையை நான் புகழவில்லை. குறைந்த கூலியும் கள்ளுக்கடையும் செய்த கேடு எல்லாரும் அறிந்ததே. ஆனால் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது, பக்கத்து வீட்டு அக்கா இருந்தார், பிள்ளையை ஒருமணி நேரம் விட்டுவிட்டுக் கண் அயர முடிந்தது. தாமான் வீட்டில் கேட்டைப் பூட்டிக்கொண்டு, படுத்த படுக்கையாக உள்ள பெரியவரையும் சிறு பிள்ளையையும் ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்கிறபோது, ‘உங்கள் உடம்பையும் கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது, என் கருத்தில், கொஞ்சம் கொடுமையானது. அந்த ஒருமணி நேரத்தை வீட்டில் உள்ள மற்றவர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை பாட்டிக்குக் கஞ்சி ஊட்டுவது மகனுடைய வேலை என்று முடிவு செய்துவிட்டால், அம்மா வெளியே நடந்துவிட்டு வரலாம், கோயிலுக்குப் போகலாம், சும்மாவும் இருக்கலாம். சும்மா இருப்பதற்குக் காரணம் கேட்கக் கூடாது.

ஆண்களையும் விட்டுவிட முடியாது. சட்டப்படி வேலை நேரம் 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணியாகக் குறைந்திருந்தாலும், ஓவர்டைம் இல்லாமல் வீட்டுக் கடன் கட்ட முடியாதவர்கள் நம்மில் அதிகம். லோரி ஓட்டிவிட்டு வந்தவர், மாலை ஆறு மணிக்கே ‘இன்று எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது, பேச்சை நாளை வைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டால், இரவு பத்து மணிக்குத் தட்டு பறக்காது. அப்படிச் சொல்வதைக் கோழைத்தனம் என்று அவருக்குக் கற்பித்தவர்கள் நாம்தான். மனப்பாரம் அளவுக்கு மீறினால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழைத்துப் பேசலாம்.

இல்லத்தரசிகளுக்காகச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சந்தா ஆண்டுக்கு 120 மலேசிய வெள்ளிதான். மனைவியின் பிறந்தநாளுக்குப் புடவை எடுக்கிறவர்கள் இதையும் கட்டிவிடலாம். நாற்பது வயதைத் தாண்டிய, எஸ்.டி.ஆர். என்னும் அரசாங்க உதவித்தொகை பெறுகிறவர்களுக்கும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவிக்கும் குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் உடல் பரிசோதனை இலவசம். தனியாகப் பதிய வேண்டியதில்லை, திட்டத்தில் சேர்ந்துள்ள கிளினிக்குக்கு அடையாள அட்டையோடு போனால் போதும். இருவரும் ஒரே காலையில் சேர்ந்து போங்கள். தனித்தனியாகப் போவதாக ஒத்துக்கொண்டால் அம்மா தம் முறையைத் தள்ளிப்போட்டுவிடுவார் என்பதைக் கார்டு பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.