சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது: கன்னங்குறிச்சி மாடியில் நான்கு பேனல்கள்

வணக்கம். இது சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடி. எனக்குப் பின்னால் தெரிவது சேர்வராயன் மலை. அதற்கு முன்னால் இருக்கும் நான்கு சோலார் பேனல்களையும் நானும் என் தம்பியும் சேர்ந்து மாட்டினோம். நாமே மாட்டலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரு பகுதியை மாட்டலாம், ஒரு பகுதியைத் தொடவே கூடாது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைத்தான் இன்று காட்டப்போகிறேன்.

முதலில் மானியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2024இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் கிடைக்கும். ஆனால் அது மின்வாரிய லைனோடு இணையும் அமைப்புக்கு மட்டுமே, அதுவும் பதிவு பெற்ற நிறுவனம் மாட்டினால் மட்டுமே. என்னுடையது லைனுக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பாத, பேட்டரியோடு கூடிய ஆஃப் கிரிட் அமைப்பு. ஆகவே மானியம் இல்லை. அனுமதியின்றி லைனில் சேர்க்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மின்தடை என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருக்கும் நேரத்தில், உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் 230 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் வழியே தலைகீழாகப் போய் 11,000 வோல்ட்டாக அவரை எட்டிவிடக்கூடும்.

பேனல் வாங்குவதற்கு முன்பே, மார்கழி மாதம் முழுவதும் நான் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலம் ஏறக்குறைய 11.7 டிகிரி வடக்கில் இருப்பதால், பேனலைத் தெற்கு நோக்கி 11, 12 டிகிரி சாய்த்தால் போதும். மார்கழியில் உச்சி வெயில் நேரத்தில்கூடச் சூரியன் தென்வானில் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஐந்து அடி உயரத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் அப்போது வடக்கே மூன்றரை அடிக்கு நீளும், காலை ஒன்பது மணிக்கு இன்னும் அதிகமாக நீளும். பலர் கவனிக்காதது இதற்கு மறுபக்கம்: சித்திரை முதல் பாதியிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நம் ஊரில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். அதனால் வடகிழக்கு மூலையில் நிற்கும் தென்னை மரம்கூட, கோடையில் காலை வெயிலை மறைக்கும். சாக்பீஸால் தரையில் நிழலின் விளிம்பைக் கோடு போட்டு வைத்தேன்; அந்தக் கோடுகளுக்கு வெளியேதான் இந்த நான்கும் நிற்கின்றன.

மாடியில் தட்டோடு பதித்திருப்பதால் ஆங்கர் போல்ட்டுக்காகத் துளையிடவில்லை. துளையிட்டால் அடுத்த மழைக்கே ஒழுகும். கான்கிரீட் கட்டைகளை வார்த்து, அவற்றின் மேல் ஜி.ஐ. ஆங்கிளை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தை, இறுக்கினோம். கட்டையின் எடையில் கஞ்சத்தனம் வேண்டாம். கோடை மழைக்கு முன் மலைப்பக்கமிருந்து இறங்கும் காற்றில் பேனல் படகின் பாய் போல மேலெழும்.

ஒவ்வொரு பேனலும் 540 வாட், எடை ஏறக்குறைய 28 கிலோ. எதையும் இணைக்காதபோது ஒன்றுக்கு 49.5 வோல்ட்; நான்கையும் தொடராக, ஒன்றன் பின் ஒன்றாக, இணைத்தால் 198 வோல்ட். ஏற்காட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு: குளிரில் பேனலின் வோல்ட்டேஜ் கூடும், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.28 சதவீதம். பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும், 150 வோல்ட் வரை தாங்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் மூன்று பேனல்களைத் தொடராகக் கொடுத்தால் 148.5 வோல்ட்தானே என்று தோன்றும்; ஆனால் அந்த எண் 25 டிகிரியில் அளந்தது. ஏற்காட்டில் 10 டிகிரிக் குளிரில் விடியும்போது அது 154 வோல்ட்டைத் தாண்டிவிடும், கன்ட்ரோலர் பழுதாகும். சேலத்தில் கவலை நேர்மாறானது. கோடையில் பேனல் 65 டிகிரிக்குச் சூடேறினால், உற்பத்தியில் ஏறக்குறைய 14 சதவீதம் குறையும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதோ, பேனல் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் எம்.சி.4 கனெக்டர் என் உள்ளங்கையில் இருக்கிறது, அதைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் உருகி வழிந்து, உள்ளே இருக்கும் செம்பு முள் நீலம் பாய்ந்திருக்கிறது. இது நான் செய்த தவறு. முள்ளைக் கேபிளோடு அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவியை வாங்காமல், கட்டிங் பிளேயராலேயே முள்ளை நசுக்கிக் கேபிளைப் பிடிக்க வைத்தேன். மூன்றாவது மாதம் உற்பத்தி விட்டு விட்டு வந்தது. பேனலுக்கு அடியில் குனிந்து பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிடிமானம் சரியில்லாத இடத்தில் 0.2 ஓம் தடை இருந்து, அதன் வழியே 13 ஆம்பியர் ஓடினால் 34 வாட் வெப்பம் உண்டாகிறது. சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றை, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடிவிட்டு, நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால், அதில் எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. பேனலிலிருந்து ஒரே திசையில் ஓடிவரும் டிசியில் அப்படி இல்லை. மின்சாரம் ஓடும்போதே கனெக்டரைப் பிரித்தால் பொறி நின்று எரியும். எனவே ஏசிக்கான எம்.சி.பி.யை, அதாவது மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்சை, இங்கே போடக்கூடாது, டிசிக்கென்றே உள்ளதைத்தான் வாங்க வேண்டும். பிரிக்கும்போது முதலில் இன்வெர்ட்டர், பிறகு பேனல் லைனைத் துண்டிக்கும் டிசி ஐசொலேட்டர், அதன் பிறகே கனெக்டர். அப்போதும் வெயில் இருக்கும்வரை பேனலின் முனையில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும், சூரியனை அணைக்க நம்மிடம் ஸ்விட்ச் இல்லை. ஆகவே இரும்புச் சட்டமும் கான்கிரீட் கட்டையும் எங்கள் வேலையாக இருந்தன. டிசி பெட்டி, எர்த்திங், வீட்டு வயரிங்கோடு இணைப்பது ஆகியவற்றை லைசென்ஸ் பெற்ற வயர்மேன் செய்தார். உருகிய கனெக்டருக்குப் பிறகு, எட்டு முனைகளையும் அவரே சரியான கருவியால் மறுபடி கிரிம்ப் செய்தார்.

இப்போது தெளிந்த வானமுள்ள நாளில் எட்டு யூனிட்டுக்குக் குறையாமல் வருகிறது. வெள்ளைக்கல் சுரங்கப் பக்கமிருந்து காற்று வீசினால் பேனலில் மாவு பூசியது போலத் தூசி படியும். போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவினால் கறை பிடிப்பதால் மேட்டூர்த் தண்ணீரையே எடுக்கிறேன், அதையும் காலை ஆறு மணிக்குள், கண்ணாடி சூடேறுவதற்கு முன். கழுவி முடித்ததும் டார்ச்சோடு அடியில் குனிந்து, எட்டு முனைகளிலும் பிளாஸ்டிக்கின் நிறம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன்.